ஊசிக்கு முன் ஞாபகம் வந்த களிம்பு

தம்பிக்குக் கண் மஞ்சளானதும் அம்மா கீழாநெல்லியைத்தான் தேடினார். ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஏ என்று வந்தது; மலம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்று அது. ஒரே வீடு, ஒரே கழிப்பறை. தொற்று பட்ட 14 நாளுக்குள் தடுப்பூசி போட்டால் நோய் வராமல் தடுக்க வாய்ப்புண்டு என்றார் டாக்டர். அன்று மாலையே பினாங்கு ஜார்ஜ்டவுனில் வழக்கமாகப் போகும் கிளினிக்குக்குப் போனேன்.

மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்குப் போடுவது ஹெபடைடிஸ் பி ஊசி. அது ஏ-க்குக் காப்பு தராது என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது.

காய்ச்சல் உண்டா, கர்ப்பமா, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறேனா, முன்பு ஏதாவது ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று நர்ஸ் அக்கா கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். அவர் ஊசியை எடுத்த பிறகுதான், முன்பொரு முறை காயத்துக்குப் பூசிய நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பால் தோல் சிவந்து அரித்தது ஞாபகம் வந்தது. களிம்புக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம் என்று தயங்கித்தான் சொன்னேன். அவர் உடனே ஊசியைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். இந்தத் தடுப்பூசியில் நியோமைசின் துளியளவு இருக்கலாமாம்.

"மூச்சுத் திணறுச்சா? உதடு, முகம் வீங்குச்சா?"

"இல்ல டாக்டர், பூசின இடத்துல மட்டும் அரிப்பு."

அப்படியானால் போடலாம் என்றார். மூச்சுத் திணறல் வந்திருந்தால் போட்டிருக்க மாட்டாராம். மேல்கையில் போட்டார்கள். மயக்கமோ ஒவ்வாமையோ வந்தால் உடனே கவனிக்க வேண்டுமென்று 15 நிமிடம் உட்கார வைத்தார்கள். தயவுசெய்து யாரும் அவசரமாகக் கிளம்பிவிடாதீர்கள்.

மறுநாள் கைவலி, லேசான தலைவலி. இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

ஊசி போட்ட அன்றே முழுக் காப்பும் வந்துவிடாது. சில வாரம் ஆகும். தொற்று ஏற்கெனவே உடம்பில் இருந்தால் அறிகுறி தெரிய 50 நாள் வரைகூட ஆகலாம். அந்த வாரம் தைப்பூசம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் பந்தலில் மோர் கலப்பது நான்தான். இந்த முறை போகவில்லை. என் கையால் இன்னொரு குடும்பத்துக்குப் பரவினால் தாங்க மாட்டேன். வீட்டிலும் சமையலை அக்கா பார்த்துக்கொண்டார். சோப்புப் போட்டுக் கை கழுவினேன், ஜெல்லை நம்பவில்லை. அரைவேக்காட்டுக் கெராங் (சிப்பி வகை) பக்கமே போகவில்லை. சிறுநீர் நிறத்தைத் தினமும் கவனித்தேன்.

இரண்டாவது ஊசி ஆறு மாதம் கழித்து. அட்டையில் அந்தத் தேதிக்குக் கீழே 'நியோமைசின்' என்றும் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்.