காரில் ஹெச் போட்டேன், பாலம் ஏறத்தான் வரவில்லை

லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. பைக், கார் இரண்டுக்கும் சேர்த்தே போட்டிருந்தேன். எது எவ்வளவு படுத்தியது என்பதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம், ஒரு ராத்திரி வேலை. சாலைச் சின்னங்களைப் புரட்டிவிட்டுப் போனால் போதும், 60 சதவீதம் சரியாக இருந்தால் பாஸ். அது 6 மாதம் செல்லும். ஆனால் 30 நாள் ஆகாமல் டெஸ்ட்டுக்குப் போகமுடியாது. அந்த 30 நாளையும் கிளட்ச்சே தின்றுவிட்டது.

முதல் பத்து நாள் வண்டி ஒருமுறைகூட ஆஃப் ஆகவில்லை. நமக்குக் கை வந்துவிட்டது என்று நினைத்தேன். பதினோராம் நாள் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். "இப்ப எடுங்க தம்பி." தெருமுனை போவதற்குள் நாலு தடவை ஆஃப். பயிற்சிக் காரில் அவர் பக்கமும் கிளட்ச், பிரேக் உண்டு. அதுவரை பாதி வண்டியை ஓட்டியது அவர் கால்தான்.

அப்புறம் ரயில்வே மேம்பாலம். ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். கால் பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்குப் போகும் அந்த ஒரு நொடியில் வண்டி பின்னால் உருளும், பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேமாட்டார். கடைசியில் பிடிபட்டது இப்படித்தான்: ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு கிளட்ச்சை மெல்ல விடவேண்டும். ஒரு இடத்தில் இன்ஜின் சத்தம் கம்மும், பானெட் லேசாகத் தூக்கும். அதுதான் ஹாஃப் கிளட்ச். காலை அங்கேயே நிறுத்தி, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி முன்னால்தான் போகும். இது வர எனக்கு ஆறு நாள் ஆனது.

அது வந்தபின் ஹெச், அதாவது கம்பு நட்ட H வடிவப் பாதையில் காரை முன்னும் பின்னும் ஓட்டிக்காட்டும் டெஸ்ட், பாதி வந்த மாதிரி. ரிவர்ஸில் ஆக்சிலேட்டரே வேண்டாம், ஹாஃப் கிளட்ச்சில் நத்தையாக நகர்த்தினால் ஸ்டியரிங்கை ஒடிக்க நேரம் கிடைக்கும். இவ்வளவு தெரிந்தும் முதல் டெஸ்ட்டில் அவசரப்பட்டுக் கம்பைத் தட்டினேன். ஃபெயில். 7 நாள் கழித்து மறுபடி போய்த்தான் பாஸ்.

ஊரே பயமுறுத்திய பைக் எட்டு, அதாவது கால் ஊன்றாமல் 8 வடிவில் ஓட்டிக்காட்டுவது, என்னைப் பெரிதாகப் படுத்தவில்லை. முன்சக்கரத்தைப் பார்த்தால் கால் தானாக ஊன்றும். திரும்பப்போகும் இடத்தைப் பார்த்தால் வண்டி தானே போகும். அவ்வளவுதான் சூட்சுமம். ரோடு டெஸ்ட்? இரண்டாவது கியர், மூன்றாவது கியர், "ஓரமா நிறுத்துங்க". ஐந்து நிமிடம்கூட இல்லை. இத்தனை பாடுபட்ட மேடு எனக்கு டெஸ்ட்டில் வரவே இல்லை.

நேற்று அப்பாவின் காரில் அதே பாலம். பாதி ஏற்றத்தில் டிராஃபிக் நின்றது. ஹேண்ட் பிரேக் போட்டேன். பக்கத்தில் அப்பா ஒன்றும் பேசவில்லை. அவர் பக்கம் பெடலும் கிடையாது. ஆனாலும் வலது காலால் தரையை அழுத்திக்கொண்டிருந்தார்.