எங்கள் வீட்டு இரட்டைக் குழிக் கழிப்பறை

கிராமத்தில் புதிதாகக் கழிப்பறை கட்டப் போகிறவர்கள் பலரும் பெரிய செப்டிக் டேங்க்தான் வேண்டும் என்கிறார்கள். சின்னதாக இரண்டு குழி போதும் என்பதை நாங்கள் வாழ்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆலங்குடி பக்கம் செம்மண் பூமி எங்களுடையது. வீட்டில் அத்தையோடு சேர்த்து ஐந்து பேர். விடிவதற்குள் கருவேலங்காட்டுக்குப் போய்வந்துவிட வேண்டும், இல்லையென்றால் இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். மகள் பெரியவளானதும் இனிமேல் இது ஆகாது என்று முடிவெடுத்தோம்.

தூய்மை பாரத இயக்கத்தில் தனிநபர் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் உண்டு. மத்திய அரசு 7,200, மாநில அரசு 4,800. ஊராட்சியில் பெயர் கொடுத்துவிட்டு, நாமே கட்டி முடித்து, அவர்கள் வந்து போட்டோ எடுத்துப் பதிந்த பிறகுதான் பணம் கணக்கில் ஏறியது. அதுவரைக்கும் மகளிர் குழுக் கடன் கைகொடுத்தது. செலவு மானியத்தைத் தாண்டித்தான் போகும், அதற்குத் தயாராக இருங்கள்.

பணத்தைவிடப் பெரிய பாடு கொத்தனாரைச் சம்மதிக்க வைத்ததுதான். "ஏம்மா, ஆழமா ஒரே தொட்டியாப் போட்டு அடியில சிமெண்டு பூசிருவோம், பிள்ளைக காலம்வரைக்கும் கவலையில்ல" என்றார். எனக்கு அதில்தான் கவலை. மூடிய தொட்டி ஒருநாள் நிரம்பும். அன்றைக்கு லாரியைக் கூப்பிட வேண்டும், அல்லது யாராவது ஒரு மனிதர் அதற்குள் இறங்க வேண்டும். 2013-இலேயே சட்டம் போட்டுத் தடுத்தும், விஷவாயு தாக்கிச் செத்தவர்கள் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. என் வீட்டுத் தொட்டிக்குள் ஓர் உயிர் இறங்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

"சரிண்ணே, நான் சொல்ற மாதிரி கட்டிக் கொடுங்க" என்று பக்கத்திலேயே நின்றுகொண்டேன். ஒவ்வொரு குழியும் மூன்றேகால் அடி அகலம், குழாய் வந்து விழும் இடத்துக்குக் கீழே அதே அளவு ஆழம். இரண்டுக்கும் நடுவே மூன்றேகால் அடி மண். அடியில் சிமெண்ட் கிடையாது. சுற்றுச்சுவரில் குழாய்க்குக் கீழே செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்க வேண்டும், குழாய்க்கு மேலே இடைவெளி கூடாது. தண்ணீரும் வாயுவும் அந்த இடைவெளி வழியாக மண்ணுக்குள் போய்விடும். அதனால் மேலே காற்றுக் குழாயும் தேவையில்லை. குடிநீர்க் கிணறு முப்பது, நாற்பது அடியாவது தள்ளி இருக்க வேண்டும். நிலத்தடி நீர் மேலேயே கிடக்கும் ஊர்களுக்கு இந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு குழிக்கும் நடுவில் குழாய் பிரியும் இடத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒரு வழியைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவோம். ஒரு நேரத்தில் ஒரு குழிதான் வேலை செய்யும். கழிப்பறைப் பீங்கானையும் சரிவு அதிகமானதாகப் பார்த்து வாங்கினோம். ஒன்றரை, இரண்டு லிட்டர் ஊற்றினால் போதும். எங்களைப் போலக் குடம் தூக்குகிற வீட்டுக்கு இதுவே பெரிய நிம்மதி. குளிக்கிற தண்ணீரை மட்டும் அதில் விடக் கூடாது, குழி ஊறியே கிடக்கும். ஆசிட்டும் வேண்டாம், மக்கச் செய்கிற கிருமிகள் செத்துப்போகும்.

"வீட்டுக்கிட்டயே குழியா, நாறாதா?" என்று அத்தை ரொம்ப நாள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே போனார். வாடையே இல்லை என்று தெரிந்த பிறகு, மூட்டு வலிக்காரர் ராத்திரியிலும் தனியாகப் போய்வர ஆரம்பித்தார்.

முதல் குழி நிரம்ப மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. செங்கல்லை இடம் மாற்றி வைத்து, அதை அப்படியே மூடிப்போட்டோம். இரண்டு வருடம் கழித்து மண்வெட்டியோடு என் வீட்டுக்காரர் திறந்தபோது தெருவே வந்து நின்றது. உள்ளே கறுப்பாக, பொலபொலவென்று மக்கிய எரு. நாற்றம் துளியும் இல்லை. கையுறை போட்டுக்கொண்டு நாங்களே அள்ளினோம், யாரையும் கூப்பிடவில்லை. நன்றாக வெயிலில் காயவிட்டுத் தென்னைக்கும் மாமரத்துக்கும் வைத்தோம். பச்சையாகத் தின்கிற காய், கீரைப் பாத்திக்கு மட்டும் போடவில்லை.