‘புரிந்ததா?’ என்று கேட்பதை நிறுத்திய பிறகு

ராயக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பணியில் சேர்ந்து ஏறத்தாழ பத்தாண்டுகள், கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டு முடித்துத் திரும்பி நின்று “புரிஞ்சுதா?” என்று நான் கேட்பதும், “புரிஞ்சுது சார்” என்று வகுப்பு ஒரே குரலில் சொல்வதும், உடனே அடுத்த கணக்குக்குப் போவதுமாகவே என் பாடவேளைகள் கழிந்தன. பிள்ளைகள் பொய் சொன்னார்கள் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. நான் போட்டுக் காட்டும்போது அவர்களுக்குப் புரிந்தது போலத்தான் இருந்திருக்கும். பிறர் நீந்துவதைக் கரையில் நின்று பார்க்கும்போது நமக்கும் அப்படித்தானே இருக்கிறது?

அந்தப் பழக்கத்தை உடைத்தது ஒரு பின்னக் கணக்கு. 1/2 உடன் 1/3ஐக் கூட்டுவது எப்படி என்று கரும்பலகையில் விளக்கி, எல்லோரையும் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, மறுநாள் அதே கணக்கைப் பார்க்காமல் போடச் சொன்னேன். முன்வரிசையில் அமர்ந்து எப்போதும் உரத்த குரலில் “புரிஞ்சுது” சொல்லும் பையனின் நோட்டில் விடை 2/5 என்று இருந்தது. மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருந்தான். “அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கோம், விடை அரையைவிடக் குறைஞ்சு போச்சே, எப்படிப்பா?” என்று கேட்டேன். அவன் விடையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு ரப்பரை எடுத்து அதை அழித்துவிட்டு நோட்டை மூடிக்கொண்டான். நான் கேட்டது அவனுக்குக் கேள்வியாகவே படவில்லை. ஆசிரியர் அருகில் வந்து நின்றாலே விடை தவறு என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அன்று எல்லா நோட்டுகளையும் வாங்கிப் பார்த்தேன். வகுப்பில் பாதிக்கு மேல் அதே 2/5 இருந்தது. முந்தைய நாள் கரும்பலகையிலிருந்து எழுதிக்கொண்ட 5/6 அதற்கு மேல் பக்கத்திலேயே அழகாக இருந்தது.

இதற்கு முன் நான் செயல்பாடுகளையே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். வண்ணத்தாள்களை மடித்து வெட்டி, குழுவாக அட்டையில் ஒட்டி, சுவரில் மாட்டியதுண்டு. பார்வைக்கு வந்த அலுவலர் ஒருவர் அதைப் பாராட்டிவிட்டும் போனார். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில் பிள்ளைகள் யோசித்ததெல்லாம் பசை யாரிடம் இருக்கிறது, பச்சைத்தாள் யாருக்கு என்பதைப் பற்றித்தான். ஒரு குழுவில் ஒரு பெண் கணக்கைப் போட்டாள், மற்ற நால்வரும் ஒட்டினார்கள். மாணவர் பங்கேற்பு என்று நாம் எழுதிவைக்கும் பலவற்றில் கை மட்டுமே பங்கேற்கிறது என்பது என் கருத்து.

பிறகு படித்தவற்றில் என்னை நிறுத்தியது, அமெரிக்கக் கல்வியாளர் பராக் ரோசன்ஷைன் 2012இல் எழுதிய ஒரு கட்டுரை. அதில் அவர் சுட்டும் ஆய்வொன்றில், மாணவர் தேர்ச்சியில் சிறந்து விளங்கிய கணக்காசிரியர்கள் 40 நிமிடப் பாடவேளையில் ஏறத்தாழ 23 நிமிடங்களை விளக்குவது, செய்து காட்டுவது, கேள்வி கேட்பது ஆகியவற்றுக்குச் செலவிட்டிருக்கிறார்கள். அவ்வளவாகச் சிறக்காதவர்கள் 11 நிமிடங்களோடு நிறுத்திவிட்டு, மீதி நேரத்துக்குப் பயிற்சிக் கணக்கைக் கொடுத்திருக்கிறார்கள். முதலில் இது எனக்குச் சாதகமாகத் தோன்றியது, ஏனென்றால் நானும் நிறைய விளக்குகிறவன்தான். இரண்டாம் முறை படித்தபோதுதான் அந்த 23 நிமிடங்களுக்குள் கேள்விகளும் அடங்கும் என்பது கண்ணில் பட்டது. அவர்கள் ஒரு சிறு படியைச் சொல்லி, உடனே மாணவரைச் செய்ய வைத்து, விடையைப் பார்த்த பின்பே அடுத்த படிக்குப் போயிருக்கிறார்கள். நான் எல்லாப் படிகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்டேன், அதுவும் ‘ஆம்’ என்பதைத் தவிர வேறு விடை இல்லாத கேள்வி.

இப்போது அதே பாடத்தை நான் நடத்தும் விதம் வேறு. முதல் எட்டு, பத்து நிமிடங்கள் பழையதை நினைவூட்டுவதற்கு. பொது மடங்குகளும் சமான பின்னங்களும் கைக்கு வராமல் வேற்றினப் பின்னங்களை, அதாவது 1/2, 1/3 போலக் கீழ் எண் வேறாக உள்ளவற்றைத் தொடுவதில்லை. அடுத்து, பகுதி, தொகுதி என்ற இரண்டு சொற்கள். இவற்றை விளக்கத் தேவையில்லை என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். தொகுதி என்றால் என்ன என்று ஒரு நாள் கேட்டபோது, “எம்.எல்.ஏ. தொகுதி சார்” என்று ஒருவன் மிகுந்த நம்பிக்கையோடு சொன்னான். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வரும் பிள்ளைகள் எங்கள் பக்கம் பலர். அவர்களுக்கு மட்டுமல்ல, தமிழ் வீட்டுப் பிள்ளைக்கும் பகுதி என்றால் ஊரின் ஒரு பக்கம்தான். ஆகவே ஒரு பின்னத்தை எழுதி, கீழே விரல் வைத்து “பகுதி”, மேலே விரல் வைத்து “தொகுதி” என்று அவர்களையே சொல்ல வைத்த பிறகுதான் கணக்கு தொடங்குகிறது.

கணக்கைப் போடும்போது மனத்துக்குள் நடப்பதை வாய்விட்டுச் சொல்கிறேன்: “இது ரெண்டு பங்குல ஒண்ணு, அது மூணு பங்குல ஒண்ணு. பங்கோட அளவு வேற வேற, அப்படியே கூட்ட முடியாது. ரெண்டையும் ஒரே அளவுப் பங்கா மாத்தணும். ரெண்டாலயும் மூணாலயும் வகுபடுற சின்ன எண் எது?” இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறேன். கரும்பலகையின் இடப்பக்கம் நான் போட்ட கணக்கு அழியாமல் இருக்கும். வலப்பக்கம் 1/2 உடன் 1/5ஐ வகுப்போடு சேர்ந்து போடுவோம். அடுத்த கணக்கில் கடைசிப் படியை மட்டும் அவர்கள் எழுதவேண்டும், அதற்கடுத்ததில் கடைசி இரண்டு படிகளை. செய்து முடித்த கணக்கைப் படிப்படியாகப் பார்த்துக் கற்பது, தொடக்க நிலையில் இருப்பவருக்குத் தானாக முட்டி மோதிக் கற்பதைவிடப் பயன் தருகிறது என்பதை ஆஸ்திரேலியாவில் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1980களிலேயே இயற்கணிதப் பாடத்தில் சோதித்துக் காட்டியிருக்கிறார். மனம் ஒரே நேரத்தில் ஏந்தக்கூடியது மிகக் கொஞ்சம் என்பதே காரணம். மீச்சிறு பொது மடங்கைக் காண்பதிலேயே தடுமாறும் பிள்ளையின் மனத்தில், அதை எதற்காகக் காண்கிறோம் என்பதற்கு இடம் இருப்பதில்லை.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லோரும் விடை தரவேண்டும் என்பதற்காகப் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் மூலையில் கிடந்த சிலேட்டுகளை வாங்கி வந்தேன். ஆறாம் வகுப்பு வந்துவிட்ட பெருமையில் இருந்தவர்களுக்கு அது அவமானமாக இருந்தது. கடைசி வரிசையில் இருவர் முதல் நாள் சிலேட்டைப் பெஞ்சுக்கு அடியிலேயே வைத்திருந்தார்கள். ஒரு வாரத்தில் அது மாறியதற்குக் காரணம், சிலேட்டில் எழுதிய தவறு தங்குவதில்லை என்பதுதான். நோட்டில் நான் போடும் சிவப்பு மை ஆண்டு முழுவதும் இருக்கும். சிலேட்டில் கோவை இலையைத் தேய்த்தால் போயிற்று. (வேலியிலிருந்து கோவை இலை பறித்து வருவது இப்போது போட்டியாகவே ஆகிவிட்டது. சட்டைக் கைகளைப் பற்றி வீடுகளிலிருந்து வந்த புகார்களும் குறைந்தன.)

1/4, 1/6 இரண்டுக்கும் பொதுவான பகுதி என்ன என்று கேட்டு, “தூக்கு” என்றதும் சிலேட்டுகள் ஒரே நேரத்தில் எழும். பெரும்பாலும் 12, சிலவற்றில் 24, சிலவற்றில் 10. 24 எழுதியவருக்குக் குறையொன்றும் இல்லை, கடைசியில் சுருக்கிக்கொள்ளலாம். 10 எழுதியவர் நான்கையும் ஆறையும் கூட்டியிருக்கிறார், அதாவது பழைய 2/5 வேறு உருவில் வந்திருக்கிறது. யாருக்கு என்ன சொல்லவேண்டும் என்பது எனக்குப் பத்து நொடியில் தெரிந்துவிடுகிறது. நோட்டுகளை வீட்டுக்குச் சுமந்து போய்த் திருத்திய காலத்தில் இது தெரிய இரண்டு நாள் ஆகும், அதற்குள் பாடம் வேறெங்கோ போயிருக்கும்.

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது காத்திருப்பதுதான். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று நொடியாக்கினாலே மாணவர் விடைகள் நீள்கின்றன, பதில் வராமல் போவது குறைகிறது என்பதையும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் பதிவு செய்தார். மூன்று நொடி என்பது வாசிக்கச் சிறியது. நாற்பது பேர் முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்கும்போது அதன் நீளம் தெரியும். நான் செருப்புக்குள் கால்விரலால் எண்ணிக்கொள்கிறேன். கேள்விக்கு முன்பு பெயரைச் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை விட்டுவிடுகிறார்கள் என்பதால், முதலில் கேள்வி, பிறகு எண்ணிக்கை, கடைசியில்தான் பெயர்.

எல்லாப் பாடத்துக்கும் எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தாது. ஏற்கெனவே வழி தெரிந்தவருக்குப் படிப்படியான விளக்கம் தொல்லைதான். என் வகுப்பில் ஒரு பெண் இரண்டாவது கணக்கிலேயே பிடித்துக்கொண்டு, மீதி நேரம் சிலேட்டு ஓரத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளை என்ன செய்வது என்று யோசித்தபோது நினைவுக்கு வந்தது நன்னூல்தான். ஆசிரியரிடம் எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் கிடைப்பது கால் பங்கு, உடன் பயில்வோரோடு பழகுவதில் ஒரு கால் பங்கு, மீதி அரைப் பங்கு பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது நிரம்பும் என்று பவணந்தியார் கணக்குச் சொல்லியிருக்கிறார். பின்னப் பாடம் நடத்துகிறவன் இதை மறந்திருக்கக் கூடாது.

தக்காளி பறிப்பு நாட்களில் வகுப்புக்கு வராமல் போகும் பையன் ஒருவனை அவள் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவள் தெலுங்கில் சொல்லத் தொடங்கினாள். நான் சொன்ன எந்தச் சொல்லையும் பயன்படுத்தவில்லை. சிலேட்டில் ஒரு கடலை மிட்டாயை வரைந்து ஆறு துண்டாகக் கோடு கிழித்தாள். அதில் பாதி மூன்று துண்டு, மூன்றில் ஒன்று இரண்டு துண்டு, ஆக ஐந்து துண்டு போயிற்று, மிச்சம் ஒன்று. அவன் சிறிது நேரம் பார்த்துவிட்டு, ஆறுக்குப் பதில் பன்னிரண்டாக உடைத்தால் விடை மாறுமா என்று கேட்டான். அவள் பதில் சொல்லாமல் பல்பத்தை அவன் கையில் கொடுத்தாள். மறுநாள் நினைவூட்டல் நேரத்துக்கு முதல் கேள்வியாக அதையே கரும்பலகையில் எழுதினேன்.