கடைசிக் குளிசை எப்ப போட்டது?

மட்டக்களப்பில் உளநல வேலை செய்கிறவர்களிடம் ஒரு வெட்டுக்குத்து வந்து சேரும்போது, அதற்கான காரணமும் கூடவே வந்துவிடும். "அவன் செய்யல்ல, அவனுக்குள்ள இருந்த பிசாசு செய்தது." சொல்வது பெரும்பாலும் தாய். சில வேளை சபைப் போதகர், சில வேளை வெட்டியவரே. சைவ வீடென்றால் செய்வினை என்று, மந்திரித்துப் பேயோட்டுகிற கட்டாடியாரைத் தேடுவார்கள். கிறிஸ்தவ வீடென்றால் அசுத்த ஆவி என்று விடுதலை ஜெபத்துக்குக் கொண்டுபோவார்கள். வந்த விருந்தாளியைப் பாயோடு ஒட்டவைக்கிற ஊர் என்று மற்ற ஊரார் சொல்லும் மண் இது. தகப்பன் கோயிலுக்கும் மகன் சபைக்கும் போகிற வீட்டில் இரண்டு பேச்சும் ஒன்றாகவே புழங்கும்.

அந்தப் பேச்சை எடுத்த எடுப்பில் மறுத்தால், வீட்டார் அதற்குமேல் வாய் திறக்கமாட்டார்கள். மறுக்கத் தேவையும் இல்லை. பிசாசு என்று சொன்னவுடன் கதை வெட்டு விழுந்த நிமிடத்திலிருந்து தொடங்கிவிடுகிறது. எங்களுக்கு வேண்டியது அதற்கு முந்திய நாட்கள். ஆகவே "மறுகா (பிறகு) என்ன நடந்த?" என்பதை விட்டுவிட்டு, "அதுக்கு முன்னுக்கு எத்தின நாள் நித்திரை இல்ல? கடைசியாக் குடிச்சது எப்ப? கடைசிக் குளிசை எப்ப போட்டது?" என்று கேட்கிறோம்.

குடியை முதலில் எடுத்துக்கொள்வோம். பல வருடம் தினமும் கசிப்போ சாராயமோ குடித்தவர் கூட்டத்தில் மனந்திரும்பி, அன்றிரவே போத்தலை உடைக்கிறார். சபை மகிழ்கிறது. முதல் நாள் கை நடுங்கும், சாப்பாடு இறங்காது. இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். 48 மணித்தியாலத்துக்கும் 96 மணித்தியாலத்துக்கும் இடையில்தான் பெரிய ஆபத்து. உடுப்பு நனைய வியர்க்கும், காய்ச்சல் காயும், நாடி ஓடும். சுவரில் எறும்பு ஊர்வதாகச் சொல்லித் தட்டுவார். படுக்கை விரிப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத எதையோ இரண்டு விரலால் நுள்ளி நுள்ளி எடுத்துக் கீழே போடுவார். கதவடியில் ஆள் நிற்கிறது என்பார். பகலில் கொஞ்சம் தெளிந்து, இருட்டினதும் கூடும். இதைப் பார்க்கிற சபையார், குடியை விட்டதால் பிசாசு கோபித்துப் போராடுகிறது என்று நினைத்து, நாலு பேராகப் பிடித்து அமுக்கி, காதுக்குள் சத்தமாக ஜெபிக்கிறார்கள். அவருக்கோ தன்னைக் கொல்ல வந்துவிட்டார்கள் என்றுதான் படும். கையில் அகப்பட்டதால் அடிப்பார். அப்படிக் கத்தி அகப்பட்டால் அது கொலை வழக்கு.

இது வைத்தியசாலையில் தீரும் வருத்தம், கவனிக்காவிட்டால் உயிரையும் எடுக்கும். டயசபாம் போன்ற மருந்து அளவு பார்த்துக் கொடுக்கவேண்டும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னரே தயமின் (விற்றமின் B1) ஊசி போடவேண்டும். முறை மாறினால் மூளை கெடலாம். வெளிச்சமுள்ள அறை, தெரிந்த முகம், தணிந்த குரல் வேண்டும். குடியை நிறுத்தச் சொல்கிற போதகர் இந்த மூன்றாம் நாளை அறிந்திருந்தால் போதும், அவருடைய ஊழியத்துக்கு ஒரு குறையும் வராது.

குளிசையின் கதை இதைவிடக் கள்ளமானது. மனநோய்க்கு மருந்து எடுக்கிறவருக்கு உடம்பு இறுகும், வாயில் வீணி வடியும், பகலிலும் நித்திரை தூங்கும். ஜெபக் கூட்டத்தில் "சுகமானாய்" என்று கேட்டு அவர் குளிசையை நிறுத்தினால், அன்று ஒன்றும் நடக்காது. ஒன்றிரண்டு கிழமையில் முகம் தெளியும், நடை இலகுவாகும், பாட்டுக்குக் கைதட்டுவார். சபையில் ஏறிச் சாட்சி சொல்வது இந்தக் காலத்தில்தான். அந்தச் சாட்சி பொய்யில்லை. மருந்தின் பக்கவிளைவு போயிருக்கிறது. நோய் இன்னும் திரும்பவில்லை. அது திரும்பச் சில கிழமையாகலாம், சில மாதமாகலாம். மாதத்துக்கொரு முறை போடும் எண்ணெய் ஊசியில் இருந்தவர் என்றால் இன்னும் பிந்தும், ஏனென்றால் தசைக்குள்ளிருந்து மருந்து மெல்ல மெல்லத்தான் கசியும். முதலில் நித்திரை போகும். பிறகு சோற்றில் நஞ்சு வைத்தார்கள் என்பார். சோறு போடுகிறவள் தாய், ஆகவே சந்தேகமும் அவள் மேலேதான் விழும். அந்த நேரம் குளிசை நிறுத்தின நாள் ஒருவருக்கும் நினைவில் இராது. போன பிசாசு ஏழு பேரோடு திரும்பி வந்தது என்பார்கள். காக்கைவலிப்புக் குளிசையைத் திடீரென்று விட்டால் இவ்வளவு நாள் செல்லாது, சில நாளிலேயே வலிப்பு அடுக்கடுக்காக வரலாம்.

மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஒருவருக்கும் தீங்கு செய்வதில்லை. அடி வாங்குகிறவர்களாகவே இருக்கிறார்கள், அதிலும் பேயோட்டும் இடங்களில்.

பிள்ளை பெற்று இரண்டு கிழமைக்குள் நித்திரையில்லாமல், பிள்ளையைப் "பிசாசுக் குட்டி" என்று சொல்லும் தாயை ஒரு இரவுகூட வீட்டில் வைத்திருக்கக்கூடாது. ஜெபிக்கிறவர்கள் வாகனத்துக்குள் இருந்து ஜெபிக்கட்டும்.

சொன்னதைச் சொன்னபடி எழுதுவது இந்த வேலையில் பாதி. "பேய் பிடித்ததாகக் கூறுகிறார்" என்று எழுதிய அறிக்கையால் ஒருவருக்கும் பயனில்லை. "காதுக்குள்ள வெட்டு வெட்டு எண்டு சொன்ன" என்றால் அது குரல். "எனக்கு முன்னால கறுப்பா நிண்ட" என்றால் குடி நிறுத்தின மயக்கத்தைத் தேடவேண்டும். "கை தானாப் போன, நான் ஏவல்ல" என்பது வேறொரு மனநோய் அறிகுறி. "ஒண்டும் தெரியா, எழும்பினா இரத்தம்" என்றால் வலிப்பா, வெறியா என்று பார்க்கவேண்டும். நாலும் ஊர்ப் பேச்சில் ஒரே பேய்தான்.

இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் பிசாசுக்கு இடமில்லை. 77 ஆம் பிரிவு கேட்பது, சித்தசுவாதீனமின்மையால் தான் செய்வது இன்னதென்றோ, அது பிழையென்றோ, சட்டத்துக்கு மாறென்றோ அந்த நேரத்தில் அறியமுடியாத நிலையில் இருந்தாரா என்பதை. அதை எண்பிக்கும் சுமை, சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105 ஆம் பிரிவின்படி, எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், மேல். கத்தியை ஒளித்தாரா, சட்டையைக் கழுவினாரா, ஆள் வரும்வரை அங்கேயே குந்தியிருந்தாரா என்பதெல்லாம் அப்போது பேசும். குடும்பம் பிசாசிலேயே நின்றால் கிளினிக் கொப்பி நீதிமன்றத்துக்கு வராமலே போகும். உண்மையில் நோயாளியான ஒருவர் தனக்கிருந்த ஒரே எதிர்வாதத்தை இழப்பார். அமெரிக்காவின் புரூக்ஃபீல்டில் 1981 இல் நடந்த ஒரு கொலைக்குப் பிசாசையே எதிர்வாதமாக வைக்க முயன்றார்கள். எண்பிக்க முடியாததென்று நீதிபதி அதை ஏற்கவில்லை. எதிரி குற்றவாளியாகக் காணப்பட்டார்.

அதைவிட இங்கிலாந்தின் ஒசெட் ஊர்க் காரியத்தையே எங்கள் போதகர்கள் அறியவேண்டும். 1974 ஒக்டோபரில் ஒரு அங்கிலிக்கன் குருவும் மெதடிஸ்த போதகரும் துணையாட்களும் விடியவிடிய ஒருவருக்குப் பிசாசு ஓட்டினார்கள். நாற்பது ஆவி போனது, கொலை ஆவி உட்படச் சில இன்னும் இருக்கின்றன என்று அவர்களே சொன்னார்கள். களைத்துப்போய் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று காலையிலேயே அவர் மனைவியைக் கொன்றார். நீதிமன்றம் அவரைச் சித்தசுவாதீனமற்றவர் என்று கண்டது. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்களில்லை. ஆபத்தை நேரிலே கண்டும், நித்திரையில்லாத மனிதனை மனைவியோடு அனுப்பியதுதான் பிழை.

கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் பேயோட்டக்கூடாது. திருச்சபைச் சட்டம் 1172 அது. மனநோய் வேறு, அது மருத்துவத்தின் பொறுப்பு என்று மறைக்கல்வி ஏடும் சொல்கிறது. வீட்டுச் சபைகளில் அப்படியொரு கடிவாளம் இல்லை. எல்லாம் அந்தப் போதகரின் மனச்சாட்சியில் நிற்கிறது.

வேதத்தைக் கையில் எடுத்துப் பேசுகிறவர்களிடம் இஸ்ரவேலின் அரசன் சவுலைப் பற்றிக் கேட்கலாம். 1 சாமுவேல் 18 இல் பொல்லாத ஆவி இறங்குவதற்கு முந்திய நாளே தாவீதை அவனைவிட உயர்த்திப் பாடும் பெண்களின் பாட்டு வருகிறது, காய்மகாரம் வருகிறது. அவன் கையில் ஈட்டியும் இருக்கிறது. ஆவியை நம்புகிற அந்த எழுத்தாளரே முந்திய நாளை விட்டுவிடவில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பெண்கள். வயலில் முதலாளியிடமும் சந்தியில் கூட்டாளிகளிடமும் அமைதியாக இருந்து, வீட்டில் மனைவியை மட்டும் அடிக்கிற மனிதனுக்கும் பிசாசு என்றே பெயர் வைக்கிறார்கள். "அவருக்காக ஜெபியுங்க தங்கச்சி, பொறுத்துக்கொள்ளுங்க" என்று அவளைத் திருப்பி அனுப்புகிறார்கள். அவன் நோயாளியுமில்லை. அவளுக்கு 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை கேட்க வழி இருக்கிறது. அதை அவளிடம் சொல்லாமல் முழங்காலில் நிற்கச் சொல்வது அவளுக்குச் செய்யும் அநியாயம்.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து துறை கடந்து கிளினிக்குக்கு வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். அதனால்தான் குளிசை நிற்கிறது, எப்போதும் விசுவாசத்தால் அல்ல. நோயாளியின் வேதாகமத்தின் பின்னட்டையில் அடுத்த கிளினிக் திகதியை எழுதிவிட்டு, அன்று காலை தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருகிற போதகர்களும் இருக்கிறார்கள். வரிசையில் கூடவே குந்தியிருந்து, நம்பர் கூப்பிடும்வரை மெல்லிய குரலில் ஜெபிப்பார்கள். அவர்கள் கொண்டுவருகிற ஆட்களுக்கு ஊசி தவறுவதில்லை.