பந்தல்காரர்கள் மலையேறிய கிருத்திகை

முருகா சரணம்.

எங்கள் பெரியம்மாவின் வேண்டுதல் இந்த மாசிக் கிருத்திகையில் நிறைவேறியது. பெரியப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, "இவர் எந்திரிச்சு நிக்கட்டும், என் முடியத் தர்றேன்" என்று பழனியாண்டவனிடம் சொல்லியிருந்தார். இந்த வயதில் மொட்டை வேண்டாம், கொஞ்சம் முடி மட்டும் கத்தரிக்கிற பூமுடி கொடுத்தால் போதுமே என்று நாங்கள் எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். "அவன் ஆளை முழுசா எழுப்பிக் குடுத்திருக்கான். நான் அரைகொறையாக் குடுக்கவா?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

இவர்கள் இருவரையும் பற்றிச் சொல்லாமல் தரிசனத்தைச் சொல்ல எனக்கு வராது. திண்டுக்கல்லில் இருந்து பழனிக்குப் பாதயாத்திரை போனவர்களுக்கு விருப்பாச்சி தாண்டி, சத்திரப்பட்டிக்கு முன்னால் ஒரு சின்னக் கீற்றுப் பந்தல் நினைவிருக்கலாம். பெரியப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதியவர். கல்யாணமாகி வந்த மறுவருஷத் தைப்பூசத்துக்கு இரண்டு பேரும் ரோட்டோரம் ஒரு பானை மோரோடு உட்கார்ந்தார்களாம். அதற்கப்புறம் ஒரு தை கூட விட்டதில்லை. மோர் பந்தலானது, பந்தலில் சுக்குக் காபி வந்தது. தைப் பனியில் ராத்திரி முழுக்க நடப்பவர்களுக்குக் கால் ஊறப்போட, கல் உப்புப் போட்ட வெந்நீர் அண்டாவில் கொதித்துக்கொண்டே இருக்கும். அந்த அண்டா பெரியம்மாவின் பொறுப்பு. பெரியப்பா கையில் சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கர் சுருள். விடியற்காலை இருட்டில் லாரிக்காரன் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்று, வருகிற ஒவ்வொரு சாமியின் முதுகுப் பையிலும் அவரே ஒட்டி, ஒரு தட்டுத் தட்டி அனுப்புவார்.

இதில் ஒரு குறை உண்டு. பழனி ஊருக்குள் இருக்கிற பெரிய நாயகி அம்மன் கோயிலில் தைப்பூசத் திருவிழாவின் ஆறாம் நாள் ராத்திரி முத்துக்குமாரசாமிக்கு வள்ளி தெய்வானையோடு திருக்கல்யாணம். மறுநாள் தைப்பூசத் தேர். அந்த இரண்டு நாள்தான் ரோட்டில் கூட்டம் உச்சத்தில் இருக்கும். பந்தலை விட்டு நகர முடியாது. பழனிக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, இத்தனை வருஷமும் அந்தக் கல்யாணத்தை இருவரும் பார்த்ததே இல்லை. கூட்டமெல்லாம் வடிந்த பிறகு மாசியில் ஒரு நாள் போய் 693 படியும் ஏறிக் கும்பிட்டுவிட்டு வருவார்கள், அவ்வளவுதான்.

இந்த முறை படி நினைத்தும் பார்க்க முடியாது. அடிவாரத்தில் முடி எடுக்கிற இடத்துக்குப் போனோம். பெரியம்மா கொண்டையை அவிழ்த்தார். வெளுத்துப் போனாலும் இடுப்பு வரை முடி. கத்தி எடுத்தவரே ஒரு கணம் தயங்கி, "ஆத்தா, முழுசாவா?" என்று கேட்டார். பெரியப்பா பக்கத்தில் ஸ்டூலில் கைத்தடியோடு உட்கார்ந்து, அவருடைய கொண்டை ஊசிகளை உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டு கோபுரத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

குளித்துவிட்டு வந்ததும் சந்தனக் கிண்ணத்தை நான் எடுத்தேன். "இங்க குடு" என்று பெரியப்பா வாங்கிக்கொண்டார். பெரியம்மா அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து தலை குனிய, நெற்றியிலிருந்து பிடரி வரை நடுங்குகிற விரலால் சந்தனத்தைப் பூசினார். நாலு பேர் முன்னால் அவர் பெரியம்மாவைத் தொட்டு நான் பார்த்ததில்லை. "காதுக்குப் பின்னால விட்டுட்டீங்க" என்றார் பெரியம்மா. அங்கேயும் பூசினார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. முருகா, இதைப் பார்க்கத்தான் எனக்குக் கண் கொடுத்தாயா!

கிருத்திகைக் கூட்டம் சொல்லி மாளாது. அடிவாரத்துக் கோயிலான திருஆவினன்குடியில் கும்பிட்டு வெளியே வருவதற்குள் புரோக்கர்கள் சூழ்ந்துகொண்டார்கள். தள்ளாடுகிற பெரியவரையும் மொட்டைத் தலைப் பாட்டியையும் பார்த்தால் விடுவார்களா? "பத்தே நிமிஷத்துல சாமி முன்னால நிறுத்தறேன், தலைக்கு இவ்வளவு குடுங்க" என்று பின்னாலேயே வந்தார் ஒருவர். கேட்காமலே மாலையைக் கையில் திணித்துவிட்டுக் காசு கேட்டார் இன்னொருவர். ஆண்டியாய் நிற்கிறவன் வாசலில் இப்படிப் பிடுங்குவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பெரியப்பா மட்டும் நிதானமாக, "ஒவ்வொருத்தன் அஞ்சாறு நாள் நடந்து வர்றான் தம்பி. எனக்கென்ன அவசரம்?" என்றார்.

மலைக்கு இழுத்துக்கொண்டு போகிற ரயில் பெட்டியான வின்ச்சுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரிசை. அங்கேயும் பெரியம்மாவின் கண் எதிரே வருகிறவர்களின் காலில்தான். நடந்து வந்திருந்த ஒரு பையனைப் பிடித்து, "கொப்புளத்தை உடைச்சுடாத கண்ணு, வெந்நீர்ல உப்புப் போட்டு வை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மேலே போய்ச் சேரும்போது சாயங்காலப் பூஜையான சாயரட்சை நேரம். நாங்கள் சன்னதியை நெருங்கவும் திரை போடவும் சரியாக இருந்தது. வரிசையை நிறுத்திவிட்டார்கள். இத்தனை தூரம் வந்து இன்னும் நிற்க வேண்டுமா, இவர் இடுப்பு தாங்குமா என்று நான் புழுங்கிக்கொண்டிருந்தேன். திரை விலகியபோதுதான் புரிந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு தலை கூட இல்லை. கிரீடமும் மயிற்பீலியும் மாலையுமாக ராஜ அலங்காரத்தில் தண்டாயுதபாணி நேரே நிற்கிறான். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் ஆண்டவனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, தள்ளுமுள்ளில் வெளியே போயிருப்போம். நிறுத்தி வைத்துக் காட்டினான் ஐயா!

"வெற்றிவேல் முருகனுக்கு..." என்று பெரியப்பா குரலெடுத்தார். படுக்கையில் விழுந்ததிலிருந்து அந்தக் குரலை நாங்கள் கேட்கவில்லை. பின்னாலிருந்த வரிசை முழுக்க "அரோகரா!" என்றது. பெரியம்மா ஒன்றும் வேண்டிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. கைகூப்பி, "வந்துட்டோமய்யா" என்றார், அவ்வளவுதான். செல்போனைக் கீழேயே வாங்கி வைத்துவிட்டதால் யாரிடமும் படம் இல்லை. அதுவும் நல்லதற்கே.

மலைமேலேயே இருக்கிற போகர் சித்தர் சன்னதியில் கும்பிட்டு, சற்று உட்கார்ந்துவிட்டு அன்னதானத்துக்குப் போனோம். ஊருக்கெல்லாம் பரிமாறிய இரண்டு பேரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா சோற்றில் கை வைக்கவில்லை. பக்கத்து இலைக்குச் சாம்பார் வரவில்லையாம், பரிமாறுகிறவரைக் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முருகா, இவரை எழுப்பித் தந்தாய். உன் கடனை எங்கள் வம்சத்தில் யார் அடைக்க முடியும்? அடுத்த தைக்குப் பந்தலைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாக அண்ணன் பையன்கள் சொல்லியிருக்கிறார்கள். இருவரையும் ஆறாம் நாள் திருக்கல்யாணத்துக்கு அழைத்துப்போய் முன்னால் உட்கார வைக்க வேண்டும், அதற்கும் நீதான் வழிவிட வேண்டும். கீழே இறங்கும்போது பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். தலைச் சந்தனத்தைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

"போலாம் கண்ணு. மாங்கல்யம் ஆனதும் பந்தலுக்குத் திரும்பிறணும். அந்த ராத்திரிதான் வெந்நீர் பத்தாது."