மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு மரணம்

எனக்கு மிகவும் பிடித்த எழுத்தாளர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், தங்கமான மனிதர். அவருடைய பழைய நாவல்கள் 200 பக்கத்தைத் தாண்டாது. தாலுகா ஆபீஸ், லாட்ஜ், ரைஸ் மில் என்று ஒரே ஊரைச் சுற்றிச் சுற்றி வருவார். கடைசிப் பக்கத்தில் நம்மைக் கலங்கடித்துவிட்டுப் போய்விடுவார். நான் நச்சரித்து அவரைப் படிக்க வைத்தவர்களில் என் மச்சானும் உண்டு, என் பல் டாக்டரும் உண்டு.

ரொம்ப வருஷம் கழித்து அவர் புது நாவல் வருகிறது என்றதும் முன்வெளியீட்டுத் திட்டத்தில் பணம் கட்டினேன். பார்சலைக் கொண்டுவந்த கூரியர் தம்பி மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கியபடி, "கிரைண்டர் கல்லா சார்?" என்றார். 800 பக்கம், கெட்டி அட்டை.

கதாநாயகன் 40ஆம் பக்கத்தில் ஒரு டீயோடு குளத்துப் படிக்கட்டில் உட்காருகிறான். கடைசி மடக்கைக் குடிப்பது 61ஆம் பக்கத்தில். நடுவில் ஏரி, மதகு, குமிழித்தூம்பு, அந்தக் காலத்தில் தண்ணீரை எப்படித் திறந்துவிட்டார்கள் என்று ஒரே பாடம். விஷயம் நல்ல விஷயம்தான். ஆனால் அந்த டீ ஆறிப்போயிருக்குமே என்ற கவலையில் எனக்குத் தூம்பு மண்டையில் ஏறவில்லை.

அப்புறம் ஒரு ஏட்டு சைக்கிள் திருடனைப் பிடிக்கிறார். பிடித்த கையோடு, காலம் என்றால் என்ன என்று மூன்று பக்கம் பேசுகிறார். திருடன் ஓடவில்லை. நின்று பதில் பேசுகிறான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பெரியம்மா விஷயம்தான் தாங்கவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் பெரியம்மா சாகிறாள். பாடை கட்டுகிறார்கள், பேரன்கள் நெய்ப்பந்தம் பிடிக்கிறார்கள். அதில் ஒரு பொடியன் பந்தத்தைப் பிடித்துக்கொண்டே தூங்கி வழிகிறான். பழைய கை அப்படியே திரும்பிவிட்டது என்று கண் கலங்கினேன். 27ஆம் அத்தியாயத்தில் அதே பெரியம்மா, அதே எட்டுக்கல் பேசரியோடு காபி கொண்டுவந்து வைக்கிறாள்.

நண்பனுக்கு போன் போட்டேன். அவன் இலக்கியக் கூட்டங்களுக்குப் போகிறவன்.

"அது மாய யதார்த்தம்டா. லத்தீன் அமெரிக்காவுல இதெல்லாம் சாதாரணம்."

"செத்தவ வந்து காபி குடுத்தா வீட்ல ஒருத்தராவது பயப்பட வேணாமா?"

"பயப்படாம வாங்கிக் குடிக்கிறாங்க பாரு, அதுதான் மாய யதார்த்தமே!"

இதற்குமேல் என்ன பேச? அவனும் 150ஆம் பக்கத்தைத் தாண்டவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

வாராவாரம் தொடர்கதை வந்த காலத்தில் இது நடந்திருக்காது. 15 பைசா அஞ்சலட்டையில் யாராவது ஒரு ரிட்டயர்டு வாத்தியார், 'செத்தவர் எப்படி வந்தார்?' என்று ஆசிரியருக்கு எழுதிப் போட்டிருப்பார். இன்றைக்கு எழுத்துப்பிழை பார்க்கவே ஆள் கிடைப்பதில்லை, பெரியம்மா கணக்கை யார் பார்ப்பது?

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி. அவருடைய பதிப்பக ஸ்டாலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கிரைண்டர் கல்லைச் சுமந்துகொண்டு வரிசையில் நின்றேன். ஒன்றும் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அவராகவே வாயைக் கிளறினார்.

"படிச்சாச்சா?"

"அட்டைப்படம் ரொம்ப நல்லா வந்திருக்கு சார்."

"உள்ள?"

"பெரியம்மா சாவு... அப்படியே நேர்ல பாத்த மாதிரி இருந்துச்சு சார்."

பேனா நின்றது. "பெரியம்மா இறந்துட்டாங்களா? எப்போ?"

"மூணாவது அத்தியாயத்துல சார்."

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எனக்கே துக்கம் சொல்ல வந்த மாதிரி ஆகிவிட்டது.

"நல்ல மனுஷி" என்று சொல்லிவிட்டு, அடுத்தவர் நீட்டிய புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.