இரண்டு ட்ரீக்களைத் தொடும் பேட்ச்சை உள்ளே கொண்டுபோவது

லினக்ஸ் கெர்னலில் ஒரு ஃபங்ஷனுக்கு மூன்றாவதாக ஓர் ஆர்க்யுமென்ட் சேர்க்க வேண்டும். ஃபங்ஷன் கோர் சப்சிஸ்டத்தில், அதை அழைக்கும் டிரைவர்கள் இன்னொரு சப்சிஸ்டத்தில். இரண்டுக்கும் மெயின்டெய்னர் (பேட்ச்களை, அதாவது கோட் மாற்றங்களை, ஏற்கும் பொறுப்பாளர்) வேறு, ட்ரீயும் (அவர் அவற்றைச் சேர்த்துவைக்கும் கிட் ரெபாசிட்டரி) வேறு. கோட் எழுதுவது சுலபம். உள்ளே சேர்ப்பதற்குத்தான் பொறுமை வேண்டும்.

யாருக்கு அனுப்புவது என்பதை மெயின்டெய்னர்ஸ் ஃபைல் சொல்லிவிடும். ஆனால் கோர் பேட்ச்சை ஒருவருக்கும் டிரைவர் பேட்ச்சை மற்றவருக்கும் பிரித்து அனுப்பினால் இருவருக்கும் பாதிதான் புரியும். கவர் லெட்டராவது (பேட்ச்களுக்கு முன்னுரையாகப் போகும் மின்னஞ்சல்) இருவருக்கும் போகட்டும். அதிலேயே "எந்த ட்ரீ வழியாக எடுக்கலாம்?" என்றும் கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டால், மற்றவர் எடுப்பார் என்று இருவருமே விட்டுவிடுவார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் புதிய மாற்றங்களை மெயின்லைனில் (அவருடைய பிரதான ட்ரீயில்) எடுக்கும் 2 வார மெர்ஜ் விண்டோ மூடிவிட்டால் அடுத்தது திறக்க இரண்டு மாதம் ஆகும்.

பெரும்பாலும் ஓர் ஆக் (ஒப்புதல்) போதும். டிரைவர் மெயின்டெய்னர் 'ஆக்ட்-பை' கொடுத்தால், 'உங்கள் ட்ரீயிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கோர் மெயின்டெய்னருக்குச் சொல்வதாகப் பொருள். 'ரிவ்யூட்-பை' அப்படியல்ல; கோடைப் படித்தேன், சரி என்பது மட்டுமே. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் மனஸ்தாபம் கொஞ்சநஞ்சமல்ல.

அதே டிரைவர் ஃபைல்களில் வேறு மாற்றங்களும் காத்திருந்தால் பொது பிராஞ்ச் வேண்டும். கோர் மெயின்டெய்னர் ஆர்சி1 (மெர்ஜ் விண்டோ மூடியதும் வரும் முதல் சோதனை வெளியீடு) மீது புதிய பிராஞ்ச் தொடங்கி, தேவையான மூன்று நான்கு பேட்ச்களை மட்டும் போட்டு, கையொப்பமிட்ட டேக் வைத்துத் தள்ளுவார். அடுத்த வெளியீட்டுக்கான மாற்றங்கள் சேரும் அவருடைய ஃபார்-நெக்ஸ்ட் பிராஞ்ச் மீது தொடங்கினால், அங்கே கிடக்கும் சம்பந்தமில்லாத கமிட்களும் அடுத்தவர் ட்ரீக்குள் வந்து விழும். பிறகு இருவரும் அந்த டேக்கை மெர்ஜ் செய்வார்கள். கமிட் ஹாஷ் (கமிட்டின் அடையாளக் குறி) இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் லினஸ் யாருடையதை முதலில் எடுத்தாலும் சிக்கல் இல்லை.

தள்ளிய பிறகு அந்த பிராஞ்ச்சை ரீபேஸ் செய்யவே (கமிட்களை மாற்றி எழுதவே) கூடாது. கமிட் மெசேஜில் எழுத்துப் பிழையா? இருந்துவிட்டுப் போகட்டும். பிழை கோடிலா? மேலே ஒரு கமிட் போட்டு, 'ஃபிக்ஸஸ்' வரியில் பழைய ஹாஷின் முதல் 12 எழுத்தைக் கொடுங்கள். செர்ரி-பிக்கும் (கமிட்டை நகலெடுத்துப் போடுவதும்) வேண்டாம். ஒரே மாற்றம் இரண்டு ஹாஷில் நுழையும். பிறகு ஒரு பக்கம் அதே வரிகளைத் திருத்தினால் மெர்ஜ் அங்கேயே முட்டும்.

கிட் காட்டிக்கொடுக்கும் மோதலைவிட மோசமானது அது காட்டாத மோதல். டிரைவர் ட்ரீயில் யாரோ புதிய ஃபைலில் அதே ஃபங்ஷனைப் பழையபடி இரண்டு ஆர்க்யுமென்ட்டோடு அழைத்திருப்பார். வரிகள் இடிக்காததால் மெர்ஜ் சுத்தமாக முடியும், பில்ட் உடையும். சப்சிஸ்டம் ட்ரீக்களை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் லினக்ஸ்-நெக்ஸ்டில் இது அன்றாடக் காட்சி. நீங்கள் மெயின்டெய்னர் என்றால், இதற்காக மெயின்லைனைத் திரும்ப உங்கள் ட்ரீக்குள் மெர்ஜ் செய்யாதீர்கள். தனி பிராஞ்சில் சோதனை மெர்ஜ் செய்து, எந்த ஃபைலில் எதைத் திருத்த வேண்டும் என்று புல் ரிக்வெஸ்டில் (உங்கள் மாற்றங்களை எடுக்கக் கேட்கும் மின்னஞ்சலில்) எழுதுங்கள். மெர்ஜ் செய்பவர் அந்தத் திருத்தத்தை மெர்ஜ் கமிட்டிலேயே சேர்த்துவிடுவார்.

அழைக்கும் இடங்கள் நிறைய என்றால் பிராஞ்ச்சும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். மூன்று ஆர்க்யுமென்ட் ஃபங்ஷனைப் புதுப் பெயரில் சேர்த்து, பழையது அதை அழைக்கும்படி இந்த வெளியீட்டில் அனுப்புங்கள். டிரைவர்கள் அடுத்த வெளியீட்டில் அவரவர் ட்ரீ வழியாக மாறட்டும். பழையதை அதற்கடுத்த வெளியீட்டில் நீக்கலாம், நீக்கும் முன் லினக்ஸ்-நெக்ஸ்டில் பழைய பெயரை ஒருமுறை கிரெப் அடித்துத் தேடிப் பார்த்துவிட்டு.